எண்ணெயும் நீரும் பிரிந்த வரலாறு

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆமணக்கெண்ணெயைச் செக்கில் ஆட்டாமல் வீட்டிலேயே காய்ச்சி எடுப்பது பழைய வழக்கம். முத்தை வறுத்து உரலில் இட்டு இடிப்பர்; இடித்த மாவை நீரிற் கரைத்து அடுப்பேற்றிக் கொதிக்க விடுவர். கொதித்து அடங்கியபின் எண்ணெய் மேலே ஒதுங்கி நிற்கும். அதனை அகப்பையால் மெல்ல வழித்து வேறொரு சட்டியில் ஊற்றி மறுபடியும் காய்ச்சுவர். எண்ணெயோடு கலந்து வந்த சிறிதளவு நீர் சடசடவென்று பொரிந்து ஆவியாகும். அந்த ஓசை அடங்கினால் எண்ணெய் பதமாயிற்று என்பது பொருள். இத்தொழிலுக்கு வேண்டியவை மூன்று: சூடு, அசைவின்மை, பொறுமை. பதறிக் கலக்கியவளுக்கு எண்ணெய் குறையும். குறைந்த எண்ணெய் எங்கும் மறைந்து போவதில்லை. சட்டியின் அடியிலுள்ள கஞ்சியோடு கலந்தே கிடக்கும்.

மலேசியாவின் செம்பனை எண்ணெய் ஆலைகளில் நடைபெறுவதும் அடிப்படையில் இதே தொழில்தான். சட்டிக்குப் பதிலாக இரும்புத் தொட்டி. அகப்பைக்குப் பதிலாகச் சுழல் எந்திரம். ஒரு படி எண்ணெய்க்குப் பதிலாக நாளொன்றுக்கு நூறு, இருநூறு டன் எண்ணெய். ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வீட்டுச் சட்டியில் எஞ்சிய கஞ்சி எருக்குழிக்குப் போயிற்று. ஆலையில் எஞ்சிய கஞ்சி நெடுங்காலம் ஆற்றுக்குப் போயிற்று. எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் வித்தை எவரும் அறியாத ஒன்றன்று. ஆயினும் ஆலைக் கழிவுநீரில் அவ்வித்தையை இறுதிவரை செய்து முடிப்பதற்கு 1977ஆம் ஆண்டின் சட்டவிதி ஒன்று வேண்டியதாயிற்று. அறிவு இருந்தும் செயல் ஏன் பிந்தியது, பிந்தியதனால் துன்புற்றவர் யாவர், பின்னர் அது எவ்வாறு நேராயிற்று என்பவற்றை ஆராய்வது தமிழர் வரலாற்றுக்கும் உரிய பணியேயாகும். அந்த ஆறுகளின் கரையில் வாழ்ந்தவருள் பல்லாயிரவர் தோட்டத் தமிழர் அல்லரோ?

லூனாஸ் வட்டாரத்து நீரும் நிலமும்

பண்டைத் தமிழர் கடாரம் என வழங்கிய கெடா மாநிலத்தின் தென்பகுதியில் கூலிம் மாவட்டம் இருக்கிறது. லூனாஸ் அம்மாவட்டத்துச் சிறு நகரம். அருகே கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்கள். மேற்கே மாநில எல்லையைக் கடந்தால் செபராங் பிறை. இவ்வட்டாரத்தின் பேராறு கூலிம் ஆறு. அது ஜாராக் ஆற்றோடு கூடிப் பிறை ஆறு எனப் பெயர் பெற்று, பட்டர்வொர்த்துக்கும் பிறைக்கும் இடையே கடலை அடைகிறது. வடக்கே கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடும் மூடா ஆறோ, பினாங்கு மாநிலத்தாரின் குடிநீருக்குத் தலையாய ஆதாரம். ஆகவே தென் கெடாவின் ஓர் ஓடையில் எது கலந்தாலும் அஃது அந்த ஓடையோடு நின்றுவிடுவதில்லை.

1909ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு மாறிற்று. அதனையொட்டித் தென் கெடாவின் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் பால் வெட்டத் தமிழ்நாட்டு மக்கள் வந்து குடியேறினர். விக்டோரியா, ஹென்ரியட்டா என அன்று இடப்பட்ட தோட்டப் பெயர்கள் பாடாங் செராய் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைத்துவிட்டன.

தோட்டத்துத் தொழிற்சாலைக்கு நீர் இன்றியமையாதது. மரப்பாலில் நீரைக் கலந்து, பார்மிக் அமிலம் இட்டு உறைய வைத்து, உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கும்போது புளித்த நீர் மிகுதியாக வெளிப்படும். அந்நீர் ஓடைக்கு விடப்பட்டது. அதன் நாற்றத்தை அறியாத தோட்டப் பிள்ளை அக்காலத்தில் இல்லை எனலாம். செம்பனை ஆலை இந்நிலத்துக்கு வருமுன்பே, கழிவுநீரை ஏற்பது ஆற்றின் கடமை என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

செம்பனை வந்த வழி

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் நான்கு கன்றுகள் சாவகத் தீவின் போகோர் பூங்காவில் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவுக்கும், அங்கிருந்து மலாயாவுக்கும் பரவின. 1911ஆம் ஆண்டில் ஆதிரியன் ஆலே என்னும் பெல்ஜியர் சுமத்திராவில் இதனைப் பயிர்த்தொழிலாக்கினார். மலாயாவின் முதல் வாணிகத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் அமைக்கப்பட்டது. மலாயாவைப் பற்றி இவர் எழுதிய புதினம் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கொங்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத்தின் பெயர் தென்னை மரம் என்னும் தமிழ்ச் சொல்லின் ஒலியைக் கொண்டிருப்பது தமிழாசிரியர் கருதத்தக்கது. பழத்தின் செந்நிறமும் பனையின் உருவமும் சேர்ந்து செம்பனை என்னும் அழகிய பெயர் மலேசியத் தமிழில் நிலைபெற்றது.

முதல் நாற்பது ஆண்டுகளில் செம்பனை மெல்லவே வளர்ந்தது. செயற்கை ரப்பரின் போட்டியால் இயற்கை ரப்பரின் விலை தளர்ந்தபோதுதான் நாடு இப்பயிரின் பக்கம் திரும்பியது. 1956ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பெல்டா என்னும் கூட்டரசு நிலமேம்பாட்டு அமைப்பு 1960களில் செம்பனைக் குடியேற்றத் திட்டங்களைத் தொடங்கிற்று. தனியார் தோட்டங்களும் முதிர்ந்த ரப்பரை வெட்டிச் செம்பனையை நட்டன. 1960ஆம் ஆண்டில் ஏறத்தாழ 90 ஆயிரம் டன்னாக இருந்த எண்ணெய் உற்பத்தி 1970ஆம் ஆண்டில் 4 லட்சம் டன்னைக் கடந்தது. 1980ஆம் ஆண்டில் 25 லட்சம் டன்னையும் தாண்டியது. தென் கெடாவிலும் ரப்பர் மரங்களிடையே செம்பனை இடம் பிடித்தது. பால் வாளி தூக்கிய கைகள் குலையறுக்கும் உளியையும் அரிவாளையும் பிடிக்கக் கற்றன. பெண்கள் உதிரிப் பழம் பொறுக்கலாயினர்.

ஆலைக்குள் நிகழ்வது

செம்பனைப் பழத்தை அறுத்த பின்னர் நெடுநேரம் வைத்திருத்தல் ஆகாது, எண்ணெய் புளித்துவிடும். ஆகலின் ஆலை தோட்டத்தருகே இருக்கவேண்டும். குலைகள் முதலில் நீராவிக் கலத்தில் ஏறத்தாழ 140 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைக்கப்படும். வெந்த குலையிலிருந்து பழத்தை உதிர்த்து, மசித்து, திருகு அழுத்தியில் பிழிவர். பிழிந்து வருவது எண்ணெய் மட்டுமன்று. எண்ணெய், நீர், நார், சக்கை ஆகியவற்றின் செந்நிறக் குழம்பு. இதனோடு சுடுநீர் சேர்த்து, சல்லடையில் வடித்து, 90 பாகை அளவில் சூடாக வைக்கப்பட்ட உயர்ந்த தெளிவுத் தொட்டியில் நிற்க விடுவர். எண்ணெய் மேலே ஒதுங்கும். சேறும் நீரும் கீழே தங்கும். ஆமணக்கெண்ணெய்ச் சட்டியே இங்கு வானளாவி நிற்கிறது.

எண்ணெய்த் துளி நீரில் மேலேறும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அதனை 1851ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் வகுத்தார். நீருக்கும் எண்ணெய்க்கும் எடையில் வேறுபாடு மிகுந்தால் வேகம் மிகும்; நீரின் குழைவு குறைந்தால் வேகம் மிகும்; எல்லாவற்றிலும் மேலாகத் துளியின் பருமன் மிகுந்தால் வேகம் பன்மடங்கு மிகும். துளியின் விட்டம் பாதியானால் வேகம் நாலில் ஒன்றாகும். பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். சூடு ஏன் வேண்டும், கலக்குதல் ஏன் ஆகாது என்பதற்கு விடை இதில் அடங்கியுள்ளது. சூடு குழைவைக் குறைக்கிறது. கலக்குதலோ துளியை உடைக்கிறது. அடுப்பங்கரையில் கண்ணால் கண்ட உண்மையே அறிஞரின் ஏட்டில் கணக்காயிற்று.

இக்கணக்கிலேயே ஆலையின் இடர்ப்பாடும் இருக்கிறது. பழத்தை மசித்துப் பிழியும்போது எண்ணெயின் ஒரு பகுதி மிக நுண்ணிய துளிகளாகச் சிதறும். பழத்தின் புரதமும் பசையும் அத்துளிகளைச் சுற்றிப் போர்வைபோல் படிந்து, ஒன்றோடொன்று கூடவிடாமல் தடுக்கும். பால் நெடுநேரம் வெண்ணிறமாகவே இருப்பதற்கும் இதே காரணம்தான். வெண்ணெய் எடுக்கக் கடைவதுபோல் இந்நீரையும் சுழற்ற வேண்டும். சுவீடன் நாட்டு குஸ்தாவ் டி லவால் 1878ஆம் ஆண்டில் பாலாடையைப் பிரிக்கச் சுழல் எந்திரம் ஒன்றை அமைத்தார். அவ்வினத்து எந்திரங்களே செம்பனை ஆலைகளில் தொட்டியடிச் சேற்றைச் சுழற்றி எஞ்சிய எண்ணெயை மீட்கின்றன. அதன் பின்னும் தப்பியது கொழுப்புக் குழி எனப்படும் குழியில் மிதக்கும், அதனை வழித்தெடுப்பர்.

இவ்வளவும் செய்த பிறகும் வெளியேறும் பழுப்பு நிறக் கழிவுநீரில் லிட்டருக்கு 4 முதல் 6 கிராம் வரை எண்ணெய் இருக்கும். இது சிறிதெனத் தோன்றும். ஆயிரம் டன் குலையை ஆட்டினால் ஏறத்தாழ 200 டன் எண்ணெயும், 600 டன்னுக்கு மேற்பட்ட கழிவுநீரும் கிடைக்கும். அக்கழிவுநீரில் மறைந்திருக்கும் எண்ணெய் மட்டும் 3 டன்! ஆலைக்கு அது நூற்றில் ஒன்றரைப் பங்கு இழப்பு. கணக்கேட்டில் ஒரு வரி. ஆற்றுக்கோ அது வேறு பொருளுடையது.

மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தரும் கிணறுகளிலும் இதே நிலைதான். நிலத்தடி எண்ணெயோடு உப்புநீரும் சேர்ந்தே மேலே வருகிறது. கிணறு முதிர முதிர நீரின் பங்கு மிகும். அங்கும் முதலில் நிற்கவிட்டுப் பிரிப்பர். பிறகு சுழற்றிப் பிரிப்பர். நுண்ணிய துளிகளைக் காற்றுக் குமிழிகளில் ஒட்டவைத்து மிதக்கச் செய்வர். வட கடலை அடுத்த நாடுகள் கடலில் விடும் அத்தகைய நீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் எண்ணெய் என எல்லை வகுத்துள்ளன. பாறையிலிருந்து வந்தாலும் பழத்திலிருந்து வந்தாலும் எண்ணெய் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது.

ஆறு பட்ட பாடு

நீரின் தூய்மையை அளக்க அறிஞர் கையாளும் அளவை உயிர்வளித் தேவை எனப்படும். கழிவிலுள்ள பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதற்கு நீரில் கரைந்துள்ள உயிர்வளி (பிராணவாயு) எவ்வளவு செலவாகும் என்பதே அக்கணக்கு. இங்கிலாந்தில் இதனை 5 நாள் வைத்து அளக்கும் வழக்கத்தை 1912ஆம் ஆண்டில் அரச ஆணைக்குழு ஒன்று நிலைநாட்டியது. அந்நாட்டு ஆற்றுநீர் கடலை அடைவதற்குள் அவ்வளவு காலமே ஆகும் எனக் கருதினர். மலேசியாவின் வெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து செயற்படும். ஆதலால் இங்கு 30 பாகைச் சூட்டில் 3 நாள் என்பது அளவையாயிற்று.

செம்பனை ஆலையின் கழிவுநீருக்கு இத்தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். இந்நாட்டு ஆற்றுநீர் நன்னிலையில் இருக்கும்போது லிட்டருக்கு 8 மில்லிகிராம் உயிர்வளியையே தாங்கும். ஒரு லிட்டர் ஆலைக்கழிவு 3,000 லிட்டர் ஆற்றுநீரின் உயிர்வளி முழுவதையும் விழுங்கவல்லது என்பது இதனாற் பெறப்படும். மற்றொரு வகையாகவும் கணக்கிடலாம். ஒரு மனிதனின் அன்றாடக் கழிவுக்கு 60 கிராம் உயிர்வளி வேண்டும் எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஆயிரம் டன் குலையை ஆட்டும் ஓர் ஆலையின் கழிவுநீர் இரண்டரை லட்சம் மக்கள் வாழும் நகரத்தின் சாக்கடைக்கு நிகராகும். அத்தகைய நகரம் ஒன்று ஒவ்வொரு தோட்டத்து ஓடையின் கரையிலும் திடீரெனத் தோன்றியது போன்றதே 1970களில் நேர்ந்த மாற்றம்.

எண்ணெய் இத்துன்பத்தை மேலும் பெருக்கிற்று. நீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, வானிலிருந்து காற்று நீருக்குள் இறங்குவதைத் தடுத்தது. கீழே இருந்த உயிர்வளி செலவாயிற்று. மேலிருந்து புதியது வரவில்லை. மீன்கள் மூச்சு முட்டி மாண்டன. உயிர்வளி தீர்ந்த நீரில் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டையின் நாற்றத்தை எழுப்பின. 1977ஆம் ஆண்டளவில் நாட்டின் 42 ஆறுகள் நன்னீர் மீன் வாழ இயலாத அளவுக்குக் கெட்டிருந்தன எனக் கணிக்கப்பட்டது. செம்பனையும் ரப்பரும் அக்கேட்டின் முதற்காரணங்களுள் நின்றன.

ஆற்றை நம்பி வாழ்ந்தவர் ஏழையர். ஓடையில் குளித்துத் துணி துவைத்தவர், ஞாயிறன்று தூண்டிலிட்டுக் குழம்புக்கு மீன் பிடித்தவர், ஆற்றோரத்தில் கீரைப்பாத்தி போட்டவர் ஆகியோருக்கே ஆறு கெட்டது முதலில் தெரிந்தது. ஆலையில் கூலி பெற்றவரும் அவரே. ஆலையின் கழிவால் இழந்தவரும் அவரே. அவர்கள் இழந்த மீனுக்கும் நீருக்கும் எந்தக் கணக்கேட்டிலும் வரி இல்லை.

லூனாசுக்கு அணித்தான செபராங் பிறையில் கோல ஜூரு என்னும் மலாய் மீனவச் சிற்றூர் இதே காலத்தில் தொழிற்பேட்டைக் கழிவுகளால் வாழ்விழந்தது. அங்குக் கேடு செய்தவை பிறையின் பல்வகைத் தொழிற்சாலைகள். அம்மீனவரின் குறையை நாடறியச் செய்ததில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. அச்சங்கத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் பணியாற்றி 2019ஆம் ஆண்டில் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்தவர். ஆறும் கடலும் பொதுச் சொத்து என்னும் உணர்வு மக்களிடையே பரவ இத்தகைய முயற்சிகள் துணை செய்தன.

படிப்படியான சட்டம்

மலேசிய நாடாளுமன்றம் 1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டில் அதனை நடத்துவதற்கெனத் தனி அலுவலகம் தோன்றிற்று. 1977ஆம் ஆண்டில் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான தனி விதிகள் வெளிவந்தன. 1978ஆம் ஆண்டில் ரப்பர்த் தொழிற்சாலைகளுக்கும் அத்தகைய விதிகள் வந்தன. சட்டத்தின் கீழ் முதன்முதல் கட்டுப்படுத்தப்பட்டவை நாட்டுக்கு மிகுந்த வருவாய் தந்த இவ்விரு பயிர்களின் ஆலைகளே என்பது நினைவில் வைக்கத்தக்கது.

விதிகளின் சிறப்பு அவற்றின் படிமுறையில் இருந்தது. 1978ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஆலைக்கழிவின் உயிர்வளித் தேவை லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என வகுத்தனர். 1979இல் அது 2,000 ஆயிற்று, 1980இல் 1,000, 1981இல் 500, 1982இல் 250, 1984இல் 100. எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தனியே லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லை ஏற்பட்டது. 25,000த்திலிருந்து 100க்கு இறங்குவது 250 பங்கில் ஒரு பங்காகக் குறைப்பதாகும். அதனை ஒரே நாளில் செய்க என்றால் ஆலைகள் மூடப்பட்டிருக்கும். செய்யவே வேண்டா என்றால் ஆறுகள் மடிந்திருக்கும். ஏணியின் படிகள்போல் ஆண்டுக்கு ஒரு படி என அமைத்ததனால் இரண்டும் தவிர்க்கப்பட்டன.

ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் உரிமம் பெறவேண்டும். ஆற்றில் விடும் கழிவின் உயிர்வளித் தேவையை டன் கணக்கில் அளந்து, டன்னுக்கு 10 வெள்ளி வீதம் கட்டணம் செலுத்தவேண்டும். முதல் ஆண்டில் எல்லையைக் கடந்தால் கடந்த பகுதிக்கு டன்னுக்கு 100 வெள்ளி. அடுத்த ஆண்டிலிருந்து எல்லையைக் கடப்பதே குற்றம். கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஆராய்ச்சியில் ஈடுபடும் ஆலைக்குக் கட்டணத்தைக் குறைக்கவும் இடமிருந்தது. அதுகாறும் விலையின்றிக் கிடைத்த ஆற்றுக்கு முதன்முறையாக ஒரு விலை குறிக்கப்பட்டது. கழிவு, கணக்கேட்டில் ஏறியது.

குளங்கள் செய்த பணி

இவ்விதிகளை நிறைவேற்ற ஆலைகள் கையாண்ட வழி மிக எளியது. முதலில் கொழுப்புக் குழியைப் பெரிதாக்கி, கழிவுநீரை அசையாமல் நிற்கவிட்டு எண்ணெயை மீண்டும் வழித்தனர். பின்னர் நீரை ஆறவிட்டு, வரிசையாகத் தோண்டிய குளங்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தினர். முதற் குளங்களில் காற்றுப் புகாத ஆழத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று எரிவாயுவாக மாற்றும். அடுத்த குளங்களில் பாதி காற்றோடும் பாதி காற்றின்றியும் வாழ்பவை எஞ்சியதைத் தின்னும். கடைசிக் குளத்தில் காற்றில் வாழ்பவை பணியை முடிக்கும். ஆலையிலிருந்து புறப்பட்ட நீர் ஆற்றைக் காண இரண்டு மூன்று திங்கள்கூட ஆகலாம். முன்னர் சில நிமிடங்களில் சென்ற தொலைவு அது!

இங்கு ஒரு செய்தி ஊன்றிக் கருதத்தக்கது. குளத்து நுண்ணுயிர்களுக்கு எண்ணெய் எளிதில் செரிக்காத உணவு. அது மேலே தடித்த ஆடையாகப் படிந்து குளத்தையே கெடுக்கும். ஆகவே முன்னே எண்ணெயைப் பிரித்தால்தான் பின்னே நீர் தூய்மையாகும். வழித்தெடுத்த எண்ணெய் உணவுக்கு ஆகாவிடினும் சவர்க்காரம் செய்வோர் வாங்கும் பொருளாயிற்று. குளத்தின் அடிச் சேறும் பதப்பட்ட நீரும் தோட்டத்துக்கே உரமாகத் திரும்பின. வீட்டுக் கஞ்சி எருக்குழிக்குப் போனதுபோல் ஆலைக் கஞ்சியும் இறுதியில் மண்ணுக்குப் போயிற்று.

இம்முறையில் 1977ஆம் ஆண்டுக்கு முன் அறியப்படாதது எதுவும் உண்டா? எண்ணெய் மிதக்கும் கணக்கு 1851இலேயே தெரியும். சுழல் எந்திரம் 1878இல் வந்தது. காற்றில்லாத் தொட்டியில் கழிவைச் செரிக்கச் செய்யும் முறையை 1895ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரத்தார் கண்டனர். 1897ஆம் ஆண்டில் பம்பாயின் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் அத்தகைய தொட்டியின் வாயுவைத் திரட்டவும் செய்தனர். ஆக, கைவசம் இருந்த அறிவு எண்பது ஆண்டுகள் ஆலைவாயிலில் காத்து நின்றது. அறிவு இல்லாமையால் ஆறுகள் கெடவில்லை. அறிந்ததைச் செய்யவேண்டிய கடப்பாடு எவர்மீதும் சுமத்தப்படாமையால் கெட்டன. கடப்பாடு வந்த ஐந்தாறு ஆண்டுகளில் காட்சி மாறியது. 1985ஆம் ஆண்டில் எண்ணெய் உற்பத்தி 40 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆற்றில் கலந்த கழிவின் சுமையோ பெரிதும் வீழ்ந்தது. எல்லையைத் தொடர்ந்து மீறிய சில ஆலைகளின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டதும் உண்டு. தூய்மை செய்தால் தொழில் அழியும் என்ற அச்சம் பொய்யாயிற்று.

எஞ்சிய கடன்

எல்லாம் நிறைவுற்றது என்று கொள்வதற்கில்லை. திறந்த குளங்களிலிருந்து எழும் எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் வாயு எழும். உலக வெப்பத்தை உயர்த்துவதில் மீத்தேன் கரிவளியினும் பன்மடங்கு கொடியது. ஆற்றைக் காத்த குளமே வானைக் கெடுத்தது என்பது பிற்காலத்து அறிவு. 2000ஆம் ஆண்டில் அமைந்த மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம், 2014ஆம் ஆண்டு தொடக்கம் புதிய ஆலைகளும் விரிவாக்கப்படும் ஆலைகளும் இவ்வாயுவைப் பிடிக்கும் அமைப்பை உடையனவாக இருத்தல்வேண்டும் என விதித்தது. பிடித்த வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் பலவாயின. மாதுங்காவில் 1897இல் செய்ததை நாடளாவச் செய்ய நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆறுகள் நுண்ணிய நிலையிலுள்ள சில இடங்களில் உயிர்வளித் தேவையின் எல்லை 100லிருந்து 20க்கு இறக்கப்பட்டதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

மற்றொரு கடன் கணக்கில் ஏறாதது. ஆறுகள் தெளியத் தொடங்கிய காலத்திலேயே ஆற்றங்கரை மக்கள் கலைந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. 1996ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா அம்மாற்றத்தின் பெரிய அடையாளம். லயங்களில் வாழ்ந்தோர் லூனாசுக்கும் பாடாங் செராய்க்கும் சுங்கை பட்டாணிக்கும் பெயர்ந்தனர். ஆறு கெட்டபோது கரையில் இருந்தவருள் பலர், ஆறு தேறியபோது அங்கு இல்லை. அவர்தம் பேரர் படிக்கும் பள்ளிகளில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. தோட்டத்து ஓடையின் கதை இல்லை.

அக்கதையைச் சொல்வது ஆசிரியர்க்கு அரிதன்று. ஒரு கண்ணாடிக் குவளையில் நீரும் சிறிது எண்ணெயும் ஊற்றிக் கலக்கி மேசைமீது வைத்தால் போதும். முதலில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பிறகு மெல்ல மெல்ல எண்ணெய் மேலே ஒதுங்கும்; கீழே நீர் தெளியும். பாட்டி அகப்பையோடு காத்திருந்ததும், ஸ்டோக்ஸ் கணக்கிட்டதும், 1977ஆம் ஆண்டின் விதி ஆலைகளைக் காத்திருக்கச் செய்ததும் இந்த ஒன்றைக் கருதியே. காத்திருக்க மறுத்தவர்க்காக அக்காலமெல்லாம் ஆறு உழைத்தது. அவ்வுழைப்பின் கூலியை ஆற்றங்கரை மக்கள் செலுத்தினர்.